பிறந்த மண்ணுக்கு அயலாய்த் திரும்பிய புரவி

முன்னுரை

மனிதன் பழக்கிய விலங்குகளுள் ஆடும் மாடும் அவனை ஓரிடத்தில் நிலைகொள்ளச் செய்தன. குதிரையோ அவனைத் தன் முதுகில் ஏற்றி எல்லைகளைக் கடக்கச் செய்தது. அரசுகள் எழுந்ததிலும் வீழ்ந்ததிலும், மொழிகள் பரவியதிலும் மறைந்ததிலும் அதன் குளம்படி பதிந்துள்ளது. குதிரையோடு வாழ்ந்த ஒவ்வோர் இனமும் அதனைத் தன் குலச்சொத்தாகவே கருதிவந்துள்ளது. அரேபியப் பாலைநிலத்தார்க்கு அது வழிவழி மரபறிந்து காக்கப்படும் செல்வம். மங்கோலியர்க்கு அது பாலும் படையும். வட அமெரிக்கச் சமவெளியின் லக்கோட்டா, கமாஞ்சி முதலிய பழங்குடியினர்க்கு அது வாழ்வும் வழிபாடும். இத்தனை பேர் உரிமை பாராட்டும் இவ்விலங்கு எந்த மண்ணுக்கு உரியது? நிலவியலும் தொல்லியலும் அண்மைக்கால மரபணுவியலும் இவ்வினாவுக்குத் தரும் விடை எளியதன்று. பிறந்த இடத்தில் மாண்டு, புகுந்த இடங்களில் வாழ்ந்து, பிறந்த இடத்துக்கே பிறன் உடைமையாய்த் திரும்பிய ஓர் உயிரின் நெடுங்கதை அது.

விடியற் குதிரை

இங்கிலாந்தின் கெண்ட் கடற்கரைக் களிமண்ணில் 1839இல் சிறு விலங்கொன்றின் மண்டையோடு கிடைத்தது. 1841இல் அதனை ஆராய்ந்த ரிச்சர்டு ஓவன், பாறைகளிடையே வாழும் ஐராக்ஸ் என்னும் சிற்றுயிரை அது ஒத்திருப்பதாகக் கருதி, 'ஐரகோதீரியம்' என அதற்குப் பெயரிட்டார். குதிரையின் பழைய உறவொன்றைத் தாம் கையில் ஏந்தியிருப்பதை அவர் உணர்ந்தாரில்லை.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. ஏல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓத்னியல் மார்ஷ், அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளிலிருந்து திரட்டிய எலும்புகளைக் கால வரிசையில் அடுக்கிவைத்திருந்தார். 1876இல் அங்கு வந்த ஆங்கில அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லி, குதிரையின் பிறப்பிடம் ஐரோப்பா என அதுவரை எண்ணியிருந்தவர். அந்த வரிசையைக் கண்டபின் தம் கருத்தைக் கைவிட்டார். அவ்வாண்டிலேயே மார்ஷ் அவ்வரிசையின் தொன்மையான விலங்குக்கு 'இயோஹிப்பஸ்' எனப் பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் அது 'விடியற் குதிரை' எனப் பொருள்படும்.

ஏறத்தாழ 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவ்விலங்கு நரியளவே உயரமுடையது. முன்கால்களில் நான்கு விரல்களும் பின்கால்களில் மூன்று விரல்களும் கொண்டிருந்தது. ஈரமிக்க காட்டில் மென்தழை மேய்ந்து வாழ்ந்தது. காலப்போக்கில் வட அமெரிக்காவின் தட்பவெப்பம் வறண்டது. காடு சுருங்கிப் புல்வெளி விரிந்தது. புல் மெல்லியதாகத் தோன்றினும் அதனுள் மணலின் கூறான சிலிக்கா உண்டு. அது பல்லைத் தேய்க்கும். ஆகவே உயரமான, வளைந்த எனாமல் மடிப்புகளையுடைய பற்கள் பெற்ற வகைகளே புல்வெளியில் நிலைத்தன. ஒளிந்துகொள்ள மரமில்லாத வெளியில் ஓட்டமே காப்பு. எனவே கால்கள் நீண்டன, பக்கவிரல்கள் குறுகின, நடுவிரல் ஒன்றே உடலின் பாரம் முழுவதையும் தாங்குவதாயிற்று. இன்றைய குதிரை ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரலின் நகத்தை ஊன்றியே நடக்கிறது. இழந்த விரல்களின் அடையாளமாக இரண்டு மெல்லெலும்புகள் காலின் இருபுறமும் இன்றும் ஒட்டிக்கொண்டுள்ளன.

இவ்வளர்ச்சி நேர்கோட்டில் நிகழ்ந்ததன்று. பழைய பாடநூல்கள் ஏணிப்படிபோல் இதனை வரைந்துகாட்டின. உண்மையில் அது பல கிளைகள் விட்ட மரம். அக்கிளைகளுள் குதிரை, கழுதை, வரிக்குதிரை ஆகியவை அடங்கிய ஒரு கொப்பே எஞ்சியது. கனடாவின் யூக்கான் பகுதியில் உறைபனி மண்ணில் ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டுகள் கிடந்த குதிரையெலும்பொன்றின் மரபணுத் தொகுதியை 2013இல் அறிவியலார் படித்தறிந்தனர். அதன்வழி, இம்மூன்று விலங்குகளுக்கும் பொதுவான மூதாதை 40 முதல் 45 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது எனக் கணித்தனர்.

பாலம் கடந்ததும் தாயகம் இழந்ததும்

பனியூழிக் காலங்களில் கடல்நீர் பனிக்கட்டியாய் உறைந்து கடல்மட்டம் தாழ்ந்தபோதெல்லாம், அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் இடையே பெரிங்கியா எனப்படும் நிலப்பாலம் வெளிப்பட்டது. அவ்வழியே குதிரைக் குடும்பம் ஆசியாவுக்குள் நுழைந்தது. அங்கிருந்து ஐரோப்பாவையும் ஆப்பிரிக்காவையும் அடைந்தது. அதே வட அமெரிக்காவில் தோன்றிய ஒட்டகக் குடும்பமும் இவ்வழியே பழைய உலகை அடைந்தது என்பது ஒப்புநோக்கத்தக்கது. தெற்கே பனாமா நிலவிணைப்பு வழியாகக் குதிரைகள் தென்னமெரிக்காவுக்கும் பரவின.

பின்னர் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன், இரு அமெரிக்கக் கண்டங்களிலும் குதிரையினம் அற்றுப்போயிற்று. தட்பவெப்ப மாற்றமும், புல்வெளிகளின் அழிவும், புதிதாய் வந்த மனிதரின் வேட்டையும் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. இவற்றுள் எதன் பங்கு மிகுதி என்பதில் ஆய்வாளர் ஒருமித்தாரில்லை. 1833இல் அர்ஜென்டினாவின் சாந்தா பே பகுதியில், அழிந்துபட்ட பெருவிலங்குகளின் எலும்புகள் கிடந்த அதே மண்ணடுக்கில் சார்லஸ் டார்வின் ஒரு குதிரைப் பல்லைக் கண்டெடுத்தார். ஸ்பானியர் வருமுன் அக்கண்டத்தில் குதிரையே இல்லை என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. வாழ்ந்து, மறைந்து, மறக்கப்பட்டு, மீண்டும் கொண்டுவரப்பட்ட ஓர் உயிரின் சான்றாக அந்தப் பல் அவரை வியப்பில் ஆழ்த்தியது.

பழைய உலகிலும் குதிரையின் நிலை பாதுகாப்பானதாக இல்லை. பிரான்சு நாட்டின் சொலுத்ரே பாறையடிவாரத்தில் கற்கால மனிதர் வேட்டையாடிய குதிரைகளின் எலும்புகள் ஆயிரக்கணக்கில் குவிந்துள்ளன. அவ்வேட்டுவரே குகைகளின் இருளில் குதிரையை வரைந்தவர்கள். ஷோவே, லாஸ்கோ குகைகளில் மிகுதியாகத் தீட்டப்பட்ட உருவங்களுள் குதிரையும் ஒன்று. பெஷ் மெர்ல் குகையில் உள்ள புள்ளிக்குதிரைகள் ஏறத்தாழ 25,000 ஆண்டுப் பழமையன. அப்புள்ளிகள் கற்பனையோ சமயக் குறியீடோ என்று நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. அத்தகைய புள்ளித்தோலுக்குரிய மரபணு அக்காலக் குதிரைகளில் இருந்தது என 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. குகை ஓவியன் தான் கண்டதையே வரைந்திருக்கக்கூடும் என்பது இதனால் வலுப்பெற்றது.

பழக்கியவர் யார்?

குதிரையை முதலில் பழக்கியவர் யார் என்னும் வினாவுக்கு அண்மைக்காலம் வரை சொல்லப்பட்ட விடை, கசாக்கிஸ்தானின் பொத்தாய் மக்கள் என்பதாகும். கி.மு. 3500 அளவில் வாழ்ந்த அம்மக்களின் குடியிருப்புகளில் கிடைத்த விலங்கெலும்புகளுள் பெரும்பாலானவை குதிரையுடையன. மட்கலங்களில் பெட்டைக்குதிரைப் பாலின் கசிவும், குதிரைப் பற்களில் கடிவாளத் தேய்வும் காணப்படுவதாக ஆய்வாளர் கூறினர். இன்றைய குதிரைகள் யாவும் அவற்றின் வழித்தோன்றல்கள் எனக் கொள்வது இயல்பாயிற்று.

2018இல் வெளியான மரபணு ஆய்வு இக்கருத்தைத் தலைகீழாக்கியது. பொத்தாய்க் குதிரைகளின் வழிவந்தவை இன்றைய வளர்ப்புக் குதிரைகள் அல்ல. மங்கோலியாவின் காட்டுக்குதிரையாகக் கருதப்பட்ட பிரெஸ்வால்ஸ்கிக் குதிரைகளே அவற்றின் வழித்தோன்றல்கள் என்பது தெரியவந்தது. தொடர்ந்து லுடோவிக் ஒர்லாண்டோவின் தலைமையில் 273 பழங்காலக் குதிரைகளின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளிவந்தது. இன்று உலகெங்கும் உள்ள வளர்ப்புக் குதிரைகளின் தாயகம் ரஷ்யாவில் வோல்கா, தான் ஆறுகளின் தென்பகுதிப் புல்வெளி என அது நிறுவியது. கி.மு. 2200க்குப் பின் அவ்வொரு மரபு மட்டும் விரைந்து பெருகி, சில நூற்றாண்டுகளில் ஐரோப்பா முதல் நடு ஆசியா வரையிருந்த பிற மரபுகளையெல்லாம் அகற்றி நின்றது. முதுகின் வலிமையோடும் பணிந்துபோகும் இயல்போடும் தொடர்புடையனவாகக் கருதப்படும் இரு மரபணுக் கூறுகள் அம்மரபில் தேர்ந்து பெருக்கப்பட்டிருந்தன.

இதனால் இரண்டு பழைய எண்ணங்கள் ஆட்டம் கண்டன. குதிரையை முதலில் கட்டிவைத்தவர் எவராயினும், உலகை நிரப்பிய குதிரை அவர்களுடையதன்று. மேலும், கி.மு. 3000 அளவில் யம்னயா மக்கள் ஐரோப்பாவுக்குள் புகுந்தபோது குதிரைப்படையாக வந்தனர் என்று வரையப்பட்ட வீரச்சித்திரத்துக்குக் குதிரைகளின் மரபணு சான்று பகரவில்லை. மனிதர் முன்னே சென்றனர். வளர்ப்புக் குதிரை பல நூற்றாண்டுகள் பின்னரே சென்றது.

தேரும் சேணமும்

யூரல் மலைக்குத் தென்கிழக்கில் உள்ள சிந்தாஷ்டா இடுகாடுகளில், கி.மு. 2000 அளவில் குதிரைகளோடு புதைக்கப்பட்ட ஆரக்கால் தேர்களின் தடங்கள் கிடைத்துள்ளன. எடை குறைந்த அச்சக்கரமும் புதிய குதிரையும் இணைந்ததே பழைய உலகின் போர்முறையை மாற்றியது. மெசபடோமியாவில் அதற்குமுன் கழுதையும் அதன் கலப்பினங்களுமே வண்டி இழுத்தன. அங்கு குதிரை அறிமுகமானபோது, சுமேரிய மொழியில் அதற்கெனத் தனிப்பெயர் இல்லை. 'மலைநாட்டுக் கழுதை' என்னும் பொருள்பட அதனை எழுதினர். புதிதாய் வந்ததற்குப் பழகிய ஒன்றின் பெயரையே இட்டு அழைக்கும் இவ்வழக்கம், குதிரை சென்ற நாடுகள் பலவற்றிலும் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது.

மித்தன்னி நாட்டுக் கிக்குலி என்னும் பயிற்சியாளர் தேர்க்குதிரைகளைப் பழக்கும் முறையை நாள்வாரியாகக் கூறும் நூலொன்று, ஹிட்டைட் தலைநகரான ஹத்தூசாவின் களிமண் பலகைகளில் கிடைத்தது. அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 14ஆம் நூற்றாண்டு. ஹிட்டைட் மொழியில் அமைந்த அந்நூலில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்னும் எண்ணுப்பெயர்கள் வடமொழிக்கு நெருங்கிய வடிவில் நிற்கின்றன. குதிரை இடம்பெயர்ந்தபோது அதனைப் பழக்கும் கலைச்சொற்களும் உடன் பெயர்ந்தன என்பதற்கு இது தக்க சான்று. கி.மு. 1274இல் காதேசில் எகிப்தியரும் ஹிட்டைட்டுகளும் மோதியபோது போரின் முடிவைத் தாங்கியவை தேர்களே. கி.மு. முதலாயிரத்தின் தொடக்கத்தில் தேரின் இடத்தைக் குதிரைவீரன் பெறலானான்.

கிழக்கே சீனப் பேரரசன் ஊதி, பெர்கானா பள்ளத்தாக்கின் உயர்ந்த குதிரைகளைப் பற்றிக் கேள்வியுற்று, அவற்றை 'வானுலகக் குதிரைகள்' எனப் போற்றினான். விலைக்குக் கேட்டுக் கிடையாமற்போகவே, கி.மு. 104 முதல் 101 வரை இருமுறை படையனுப்பினான். பாலையிலும் பசியிலும் படைவீரர் பல்லாயிரவர் மடிந்தபின், சிறந்த குதிரைகள் சில பத்தும், ஏனையவை ஏறத்தாழ 3,000மும் கைப்பற்றப்பட்டன. அவற்றுள்ளும் சீன எல்லையை உயிரோடு அடைந்தவை ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டவையே. காலை ஊன்றுவதற்குரிய அங்கவடியின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்று, கி.பி. 302ஆம் ஆண்டுக்குரிய சீனக் கல்லறைப் பொம்மையொன்றில் காணப்படுகிறது. அவ்வெளிய உலோக வளையம் சில நூற்றாண்டுகளில் புல்வெளி மக்கள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் ஆசியாவின் பெரும்பகுதியைக் குதிரைமுதுகிலிருந்து ஆண்டனர்.

கடல்வழி வந்த புரவி

இந்தியத் துணைக்கண்டத்தில் குதிரையின் வருகை பெரும் விவாதத்துக்கு உரியதாயிற்று. சிந்துவெளி முத்திரைகளில் காளையும் யானையும் காண்டாமிருகமும் புலியும் உண்டு; குதிரை இல்லை. குஜராத்தின் சுர்கோட்டடாவில் கிடைத்த எலும்புகள் குதிரையுடையனவா, காட்டுக்கழுதையுடையனவா என்பதில் வல்லுநர் இருவேறு கருத்தினர். இருக்கு வேதமோ குதிரையை மிகுதியும் போற்றுகிறது. எலும்பைப் பற்றிய இவ்விவாதம், முதலில் வந்தவர் யார் என்னும் வழக்காகவும் மாறிவிட்டது. குதிரை ஒரு கூட்டத்தாரின் வருகைக்குச் சான்றாகலாம். எவருடைய உயர்வுக்கும் அது சான்றாகாது.

தமிழில் குதிரைக்குப் பெயர்கள் பல. மா என்பது விலங்குக்குப் பொதுப்பெயர். அதுவே குதிரைக்கும் ஆயிற்று. பரி என்பது அதன் ஓட்டத்தையும் குறிக்கும், அதனையும் குறிக்கும். இவுளி என்னும் சங்கச்சொல், பலுசிஸ்தான மலைகளில் வழங்கும் பிராகுயி மொழியின் குதிரைப்பெயரோடு உறவுடையது என மொழியியலார் இணைத்துக் காட்டுவர். காரி என்னும் வள்ளலின் குதிரைக்குக் காரி என்றும், ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும் பெயர் வழங்கியதைச் சங்க நூல்கள் குறிக்கின்றன. தலைவனும் புரவியும் ஒரே பெயரால் அறியப்பட்ட அளவுக்கு அது அருமையாக மதிக்கப்பட்டது. அருமைக்குக் காரணம் அது அரிதாய் இருந்ததே. காவிரிப்பூம்பட்டினத் துறையில் வந்திறங்கிய பொருள்களைக் கூறும் பட்டினப்பாலை, கடல்வழி வந்த குதிரைகளை முதலிலேயே வைத்து எண்ணுகிறது.

இவ்வருமை ஓர் அரசின் கருவூலத்தையே கரைக்கும் அளவுக்கு வளர்ந்ததை 13ஆம் நூற்றாண்டுப் பாண்டிய நாட்டில் காணலாம். அந்நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ, ஆர்மசு, கிஷ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகள் கப்பலேறி வந்ததைக் கூறுகிறார். ஆட்சியைப் பகிர்ந்திருந்த உடன்பிறந்தார் ஐவரும் ஆண்டுக்கு ஆளுக்கு 2,000க்கு மேல் குதிரை வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சவில்லை என்றும் எழுதுகிறார். குதிரை மருத்துவம் அறிந்தாரும் இலாடம் அடிப்பாரும் இல்லாமையும், சோற்றோடு சமைத்த இறைச்சியை அவற்றுக்கு உணவாக இட்டமையும் அவர் கூறும் காரணங்கள். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், கிஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப உடன்படிக்கை இருந்ததையும், குதிரையொன்றுக்கு 220 பொற்காசு விலை என்பதையும் குறிக்கிறார். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் விலை தரவேண்டும் என்பது அவர் தரும் செய்தி. அயல்நாட்டார் கூற்றில் மிகை இருக்கலாம். எனினும் 'குதிரைச் செட்டி' என்னும் வணிகர் பெயர் கல்வெட்டுகளில் பயில்வதும், குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னைக் கோயிலுக்குச் செலவிட்ட அமைச்சராக மாணிக்கவாசகரைத் திருவிளையாடல் மரபு காட்டுவதும் அவ்வணிகத்தின் பளுவை உணர்த்தும். நரி பரியான கதையின் அடியில், பரிக்காகப் பொன்னிழந்த ஓர் அரசின் கவலை ஒலிக்கிறது.

புல்வெளிக்குரிய விலங்கு நெல்வயல் நாட்டில் பெருகவில்லை. தமிழ்மனமோ அதனை வேறு வகையில் தன்னதாக்கிக்கொண்டது. காதல் நிறைவேறாத தலைவன் ஏறும் குதிரை, பனைமடலால் ஆனது. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்கால் தூக்கிப் பாயும் குதிரைகள் கல்லால் ஆனவை. புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைகளின் புரவியெடுப்பு விழாவில் ஐயனாருக்கு ஊரார் சுமந்து செல்லும் குதிரைகள், வேளார் கைவினையில் மண்ணால் ஆனவை. உயிர்க்குதிரையை வாழவைக்க இயலாத நாடு, அதனைப் பனையிலும் கல்லிலும் மண்ணிலும் வாழவைத்தது.

தாயகம் திரும்பிய அயலான்

தமிழகத்தில் நிகழ்ந்தது போன்ற ஒன்று, கடலுக்கு அப்பால் குதிரையின் பிறந்தகத்திலேயே நிகழ்ந்தது. 1493இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் குதிரைகள் கரீபியத் தீவான ஹிஸ்பானியோலாவில் இறங்கின. 1519இல் எர்னான் கோர்த்தெஸ் மெக்சிகோ கரையில் இறக்கியவை 16. உடன்சென்ற வீரர் பெர்னால் தியாஸ், அவற்றை நிறமும் குணமும் உரியவர் பெயரும் சுட்டி ஒவ்வொன்றாக எழுதிவைத்தார். பத்தாயிரம் ஆண்டுகளுக்குப் பின் அக்கண்டத்தின் பெருநிலத்தை மிதித்த அவை, பேரரசொன்றின் அழிவுக்குத் துணைபோயின. நகுவா மொழியினர் அவற்றை 'மான்' என்றனர்.

1525இல் கோர்த்தெஸ் மாயா நாட்டின் பெத்தேன் ஏரிப்பகுதியைக் கடந்தபோது, கால் புண்பட்ட தம் கருங்குதிரையை இட்சா மக்களிடம் விட்டுச்சென்றார். அவர்கள் அதற்கு மலர்களையும் கோழியிறைச்சியையும் படைத்தனர் என்றும், அது பட்டினியால் இறந்தது என்றும் பிற்கால ஸ்பானிய நூலார் எழுதினர். 1618இல் அங்கு சென்ற கிறித்தவத் துறவியர் இருவர், அக்குதிரையின் உருவச்சிலை வழிபடப்பட்டதைக் கண்டனர். ஒருவர் அதனை உடைத்தெறிந்தார். அம்மக்கள் குதிரைக்கு இட்ட பெயர் 'ட்சிமின்'. அது அந்நாட்டுக் காட்டில் வாழும் டாபிர் என்னும் விலங்கின் பெயர். பாண்டிய நாட்டிலும் பெத்தேன் ஏரிக்கரையிலும் விருந்தின் வேட்கை அறியாத விருந்தோம்பல் ஒன்றே நிகழ்ந்தது. தாம் உயர்ந்ததெனக் கருதிய உணவை இட்டனர். அது கேட்டதோ வெறும் புல். மாண்டபின் இரு நாட்டாரும் அதன் உருவைத் தெய்வத்தின் முன் நிறுத்தினர்.

வடக்கே நிலைமை வேறு. அங்கு விரிந்துகிடந்தது குதிரையின் மூதாதையர் மேய்ந்த அதே புல்வெளி. 1680இல் பியூப்லோ மக்கள் ஸ்பானியரை எதிர்த்து எழுந்தபின்னரே குதிரைகள் பழங்குடியினரிடையே பரவின என வரலாற்று நூல்கள் நெடுங்காலம் கூறின. பழங்குடியினரின் வாய்மொழி மரபோ அதற்கு முன்பே தங்களிடம் குதிரை இருந்தது என்று சொல்லிவந்தது. லக்கோட்டா அறிஞரும் பங்குகொண்ட ஆய்வொன்று 2023இல் வெளிவந்தது. 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே சமவெளியிலும் வடக்கு ராக்கி மலைப்பகுதியிலும் பழங்குடியினர் குதிரை வளர்த்தனர் என அது எலும்புகளைக் கொண்டு காட்டியது. ஸ்பானியர் எழுதிய ஏட்டைவிட, எழுதப்படாத நினைவே உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. லக்கோட்டா மொழியில் குதிரையின் பெயர் 'புனித நாய்' எனப் பொருள்படும். அவர்கள் அறிந்த சுமைவிலங்கு நாயே ஆதலின், பழைய சொல்லோடு வியப்பைச் சேர்த்துப் புதியதை அழைத்தனர்.

அக்குதிரையாலேயே அம்மக்கள் உயர்ந்தனர். அதனைப் பறித்தே அவர்கள் ஒடுக்கப்பட்டனர். 1874 செப்டம்பரில் டெக்சாசின் பாலோ துரோ பள்ளத்தாக்கில் கமாஞ்சி, கயோவா, செயேன் மக்களின் முகாம்களைத் தாக்கிய அமெரிக்கத் தளபதி ரானால்டு மெக்கன்சி, கைப்பற்றிய குதிரைகளுள் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றைச் சுட்டுக்கொல்ல ஆணையிட்டார். மனித உயிரிழப்பு அங்குக் குறைவே. எனினும் குதிரையிழந்த மக்கள் சில மாதங்களில் சரணடைந்து ஒதுக்கிடங்களுக்குள் புகுந்தனர்.

ஆஸ்திரேலியாவுக்கு 1788இல் முதற் குடியேற்றக் கப்பல்களோடு சில குதிரைகள் சென்றன. அடுத்த நூற்றாண்டில் அங்கு வளர்ந்த 'வேலர்' குதிரைகள் சென்னைத் துறையில் இறங்கி ஆங்கிலேயரின் இந்தியப் படைக்கு விற்கப்பட்டன. அரேபியக் கப்பல்கள் இறக்கிய அதே சரக்கைத் தமிழ்க்கரை வேறு திசையிலிருந்து மீண்டும் விலைகொடுத்துப் பெற்றது.

முடிவுரை

முதல் உலகப் போரில் மாண்ட குதிரை முதலிய சுமைவிலங்குகள் ஏறத்தாழ 80 இலட்சம் எனக் கணக்கிடப்படுகிறது. பொறிவண்டி வந்து அவ்வூழியத்திலிருந்து குதிரையை விடுவித்தது. ஊழியம் நீங்கியதும் அதன் இடமும் வினாவுக்குரியதாயிற்று. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் கட்டின்றித் திரியும் குதிரைகளைக் காக்க 1971இல் சட்டம் இயற்றப்பட்டது. அவை அம்மண்ணுக்குரிய விலங்குகளா, புல்வெளியைக் கெடுக்கும் அயல்வரவுகளா என்னும் வழக்கு இன்னும் ஓயவில்லை. 5 கோடி ஆண்டுகள் அங்கு வாழ்ந்து, 10,000 ஆண்டுகள் இல்லாதிருந்து, 500 ஆண்டுகளாக மீண்டும் வாழும் உயிரை உரியது என்பதா, அயல் என்பதா? எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோமோ, அதைப் பொறுத்தே விடை அமையும். மனித இனங்களைப் பற்றி எழும் இத்தகைய வழக்குகளுக்கும் இது பொருந்தும்.

மங்கோலியப் புல்வெளியில் பிரெஸ்வால்ஸ்கிக் குதிரை இறுதியாக 1969இல் காணப்பட்டது. அதன்பின் விலங்குக்காட்சிச் சாலைகளில் எஞ்சிய சிலவற்றின் வழித்தோன்றல்களே அவ்வினத்தைக் காத்தன. 1992இல் அவை விமானங்களில் மங்கோலியாவுக்குத் திரும்பின. 2024இல் பெர்லின், பிராகா நகரங்களிலிருந்து ஏழு குதிரைகள், பொத்தாய் மக்கள் வாழ்ந்த கசாக்கிஸ்தானத்துக்கும் சென்றன. தாயகம் இழந்த உயிரைத் தாயகம் சேர்க்க மனிதன் மேற்கொண்ட இம்முயற்சி, இந்நெடுங்கதையில் குதிரையின் பொருட்டே குதிரை கொண்டுசெல்லப்பட்ட அரிய நிகழ்ச்சிகளுள் ஒன்று. அதற்குமுன் அதனை ஏற்றிச்சென்ற கப்பல்களும் படைகளும் தத்தம் தேவைக்கே ஏற்றிச்சென்றன.

கழுதை, மான், நாய், டாபிர், மா எனப் பழகிய பெயர்களால் அழைத்தே மக்கள் அயலான் ஒருவனை உள்ளே ஏற்றனர். எந்த இனமும் குதிரையைத் தன் குலச்சொத்தென உரிமை கொண்டாட இயலாது. எந்த மண்ணும் அதனை முற்றும் அயலெனத் தள்ளவும் இயலாது என்பதே இவ்வரலாற்றால் பெறப்படும் உண்மை. புரவியெடுப்பு முடிந்த மறுநாள், ஐயனார் கோயில் மரநிழலில் வரிசையாய் நிற்கும் மண்குதிரைகளைச் சுற்றி ஆடுகள் மேய்கின்றன. புதிய குதிரைகளின் வண்ணம் பளிச்சிடுகிறது. பழையவை மழையில் கரைந்து அந்த மண்ணோடு சேர்ந்துகொண்டிருக்கின்றன.